அப்பாவின் டிப் நோட்டு

காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் அப்பா பங்கில் இருப்பார். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் இருந்த ஒரு பெட்ரோல் பங்கில் 26 வருடம் மேனேஜர். பள்ளிக்கூட லீவு நாட்களில் சைக்கிள் கேரியரில் என்னையும் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். முதல் வண்டி வருவதற்கு முன் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. தரையில் பதித்த இரும்பு மூடியைத் திறந்து, அளவு பொறித்த டிப் ராடை டேங்குக்குள் மெல்ல இறக்குவார். கோலின் நுனியில் தண்ணீர் பேஸ்ட் தடவியிருக்கும். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது சிவந்துவிடும். கோலை வெளியே எடுத்ததும் ஈரக்கோடு காய்வதற்குள் அளவைப் பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் கண்முன்னாலேயே பறந்துவிடுகிற சரக்கு. "நூத்தி இருபத்தி மூணு புள்ளி நாலு, எழுதிக்க கண்ணு" என்பார். நான் எழுதுவேன்.

அப்புறம் சார்ட்டைப் பார்த்து சென்டிமீட்டரை லிட்டராக மாற்றுவார். நேற்றைய இருப்பு, வந்த லோடு, விற்ற அளவு, கணக்குப்படி இருக்க வேண்டியது, டிப்பில் இருப்பது என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குப் பெயர் வேரியேஷன். கணக்குக்கும் டிப்புக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாள் மைனஸ் ஒன்பது வரும், மறுநாள் ப்ளஸ் நான்கு வரும். வெயில் காலத்தில் மைனஸ் தூக்கலாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் சுருங்கும். சித்திரை வெயிலில் காய்ந்து வருகிற 12,000 லிட்டர் லாரி லோடு, மண்ணுக்குள் இருக்கிற டேங்கில் இறங்கி எட்டு டிகிரி தணிந்தால் நூறு லிட்டருக்கு மேல் காணாமல் போகும். யாரும் திருடவில்லை, எங்கேயும் கொட்டவில்லை. சூடு தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இவ்வளவு வரைக்கும் குறையலாம் என்று ஒரு அளவை அனுமதித்திருப்பார்கள். அதற்குள் இருந்தால் கையெழுத்துப் போட்டு நோட்டை மூடிவிடலாம்.

இப்போது நான் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில், பங்குகளுக்கு அடியில் இருக்கிற மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துச் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறேன். 11 வருடம் ஆகிறது. கடைசிக் கட்டத்தில் அப்பா எழுதிய அந்தச் சின்ன எண்கள் பூமிக்கடியில் என்னவாகும் என்பதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு டேங்க் வினாடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் சொச்சம். வருடத்துக்கு 1,500 லிட்டர். அப்பாவின் நோட்டில் மைனஸ் நான்கு என்பது சந்தோஷப்பட வேண்டிய எண்! அமெரிக்காவில் டிப் கணக்கை மட்டும் வைத்துக் கசிவைக் கண்காணிக்கிற பங்குகளுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு மாதத்து வித்தியாசம், அந்த மாதம் விற்றதில் ஒரு சதவீதத்தோடு 130 கேலனையும் சேர்த்து வருகிற அளவைத் தாண்டினால்தான் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். 130 கேலன் என்றால் கிட்டத்தட்ட 490 லிட்டர். ஒரு சதவீதத்தை விட்டுவிட்டாலும், வினாடிக்கு ஒரு சொட்டு விழுகிற டேங்க் அந்தக் கணக்கில் ஒருநாளும் மாட்டாது. டேங்குக்குள்ளேயே இருந்து அளக்கிற தானியங்கிக் கருவிகள் பிறகு வந்தன. மணிக்கு 0.2 கேலன் கசிவைப் பிடிக்க வேண்டும் என்பது அவற்றுக்கான அளவுகோல். அது நாளுக்கு 18 லிட்டர். நம்முடைய சொட்டு அதற்கும் கீழேதான் போகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோலில் பென்சீன் ஒரு சதவீதம் என்று கொண்டால், ஒரு லிட்டரில் எட்டே முக்கால் கிராம் இருக்கும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிற பொருள். அமெரிக்காவில் குடிநீருக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அப்படியென்றால் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற பென்சீன் 17 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தப் போதும். நடைமுறையில் முழுதும் கரையாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இந்த எண்ணை ஒரு முறை மனதில் போட்டுக்கொண்டால் மைனஸ் நான்கைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பங்கைச் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் துளை போட்டு, இரண்டு அங்குலமோ நான்கு அங்குலமோ உள்ள பிவிசி குழாய் இறக்கியிருப்பார்கள். கண்காணிப்புக் கிணறு என்று பெயர்தான். மேலே பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மூடி. பெட்ரோல் போட வருகிறவர்கள் தினமும் அதன் மேல் கார் ஏற்றிப் போவார்கள். மூடியைத் திறந்து, நாடாவில் கட்டிய ஒரு சென்சாரை இறக்குவேன். எண்ணெயைத் தொட்டால் விடாமல் கூவும், தண்ணீரைத் தொட்டால் விட்டு விட்டுக் கூவும். கூவல் மாறுகிற இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் தண்ணீரின் மேல் மிதக்கிற பெட்ரோலின் கனம். பெட்ரோல் தண்ணீரை விட லேசானது. அதனால் மண்ணின் இடுக்குகளில் இறங்கி, நீர்மட்டத்தில் போய் உட்காரும். நீர்மட்டம் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கி, ஐந்தாறு அடி உயரத்துக்கு மண் முழுக்கப் பூசிவிடும். அந்தப் பூச்சுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. மிதக்கிறதை உறிஞ்சி எடுத்துவிடலாம். மண் மணிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது சுலபத்தில் வராது. எண்ணெய்க் கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாம்பிள் எடுப்பது 40 மில்லி கண்ணாடிக் குப்பியில். உள்ளே இரண்டு மூன்று சொட்டு அமிலம் இருக்கும். அது கிருமிகளைக் கொன்று, வழியிலேயே அவை பெட்ரோலைத் தின்றுவிடாமல் தடுக்கும். குப்பியின் வாயில் தண்ணீர் குமிழ்போல மேலெழும்பி நிற்கும் வரை நிரப்பி, அப்படியே மூடித் திருக வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். காற்றுக் குமிழி ஒன்று கடுகளவு மேலே ஓடினாலும் அந்தக் குப்பி ஆகாது. நாம் தேடுகிற பொருளில் கொஞ்சம் அந்தக் குமிழிக்குள் ஏறிக்கொள்ளலாம், ஆய்வகத்துக்குப் போகும்போது தண்ணீர் இருப்பதை விடச் சுத்தமாகத் தெரியும். தட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அப்பாவின் ஈரக்கோடு ஞாபகம் வரும். காய்வதற்குள் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது சான்டா மோனிகா கதை. கடற்கரை ஊர். தன் குடிநீரில் பெரும்பகுதியைச் சொந்தக் கிணறுகளிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. 1995 ஆகஸ்டில் சார்னாக் என்ற இடத்துக் கிணறுகளில் எம்டிபிஇ என்ற பொருள் தென்பட்டது. பெட்ரோல் நன்றாக எரிய வேண்டும், வண்டிப் புகையால் காற்று கெடுவது குறைய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது அது. அப்போது கலிஃபோர்னியாவில் விற்ற பெட்ரோலில் சுமார் 11 சதவீதம் அதுதான். காற்றுக்கு நல்லது செய்ய வந்த பொருள் தண்ணீருக்குச் சேர்ந்த கதி கொடுமை. பென்சீன் கொஞ்சம்தான் கரையும், மண்ணிலும் ஓரளவு ஒட்டும், கிருமிகளும் அதைத் தின்னும். எம்டிபிஇ தண்ணீரில் தாராளமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, கிருமிகள் அதை லேசில் தொடாது. நீரோட்டம் போகிற வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். 1996 முடிவதற்குள் சார்னாக், ஆர்கேடியா என்ற இரண்டு இடத்துக் கிணறுகளையும் மூடினார்கள். ஊரின் குடிநீரில் பாதி போயிற்று. சுற்றியிருந்த பங்குகளின் டேங்குகளும் குழாய்களும் கசிந்ததுதான் காரணம். வெளியிலிருந்து தண்ணீர் வாங்கினார்கள். வழக்கு நடந்தது, எண்ணெய்க் கம்பெனிகள் பணம் கட்டின, சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. சார்னாக் தண்ணீர் மறுபடி குழாயில் வர 2011 ஆகிவிட்டது. 1995இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை கல்லூரியே முடித்திருக்கும்.

அதே 1995இல்தான் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார், கலிஃபோர்னியாவில் டேங்க் கசிந்த இடங்களின் பழைய பதிவுகளைத் தொகுத்து ஒரு அறிக்கை தந்தார்கள். பெரும்பாலான இடங்களில் பென்சீன் கசிந்த இடத்திலிருந்து 250 அடிக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று அதில் கண்டார்கள். அதை நிறுத்தியது மண்ணில் இருக்கிற கிருமிகள். அறிக்கை சரிதான். ஆனால் அது பென்சீனுக்குச் சரி. எம்டிபிஇ-க்கு அந்த 250 அடி வேலி பொருந்தவில்லை. 1999 மார்ச்சில் கலிஃபோர்னியா ஆளுநர் பெட்ரோலில் எம்டிபிஇ சேர்ப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். 2003 கடைசியில்தான் முழுதாக நின்றது.

கிருமிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் பாதியைச் செய்வது அவைதான். ஆக்ஸிஜன் இருக்கிற வரைக்கும் மளமளவென்று தின்னும். அது தீர்ந்தால் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும். அதுவும் தீர்ந்தால் மண்ணிலுள்ள இரும்பு, அப்புறம் சல்ஃபேட், கடைசியில் மீத்தேன் விடுகிற வகைகள் வரும். கிணற்றுத் தண்ணீர் கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தால் எனக்கு ஒரு நிம்மதி. அடியில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் செய்கிற பல சிகிச்சைகள் அவற்றுக்கு மூச்சு விட வழி செய்வதுதான். நீர்மட்டத்துக்குக் கீழே மெல்லிய குழாயில் காற்றைச் செலுத்துவோம். குமிழிகள் ஏறும்போது பெட்ரோல் ஆவியைக் கூட்டிக்கொண்டு வரும், போகிற வழியில் கிருமிகளுக்கு ஆக்ஸிஜனையும் கொடுக்கும். மேலே வருகிற ஆவியை வேக்குவம் பம்பு இழுத்து எரித்துவிடும். தொடக்க மாதங்களில் ஆவி அத்தனை அடர்த்தி, பற்றவைத்த பிறகு கிட்டத்தட்ட தானாகவே எரியும். மாதங்கள் போகப் போக நீர்க்கும். ஒரு கட்டத்தில் பம்பை நிறுத்திவிட்டு, கிருமிகளிடம் விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பி நிரப்பிப் பார்ப்பதோடு சரி.

கிருமிகளிடம் விடுவது என்றால் எவ்வளவு காலம்? மினசோட்டாவில் பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1979 ஆகஸ்டில் கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து 17 லட்சம் லிட்டர் கொட்டியது. அள்ள முடிந்ததை அள்ளினார்கள். சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணில் தங்கிவிட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1983 முதல் அந்த இடத்தை விடாமல் கவனித்துவருகிறது. கிருமிகள் அன்று தொடங்கிய சாப்பாடு இன்னும் முடியவில்லை. கச்சா எண்ணெய் பெட்ரோலை விடக் கனமான சரக்கு, அதனால் இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆனாலும் 40 வருடத்துக்கு மேல் ஆகியும் நீர்மட்டத்தில் எண்ணெய் கிடக்கிறது என்ற ஒரு விஷயத்தை நான் மறப்பதில்லை.

அமெரிக்காவில் புதைந்த டேங்குகளுக்கான சட்டம் 1984இல் வந்தது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் வெறும் இரும்பு, துருவுக்குத் தடுப்பே கிடையாது. 1998 டிசம்பர் 22க்குள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சுத்தம் செய்ய ஒரு நிதி வைத்தார்கள், விற்கிற ஒவ்வொரு கேலனிலிருந்தும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். இதுவரை அங்கே உறுதியான கசிவுகள் ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய ஐந்து லட்சத்தைச் சுத்தம் செய்து கோப்பை மூடிவிட்டார்கள். தேடினார்கள், அதனால் அந்த எண் தெரிந்தது.

நம் ஊரில்? 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்லில் பெட்ரோல் கலந்து வந்தபோது செய்தியாயிற்று, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அது பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவு. வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டு, நாற்றத்தை முகர்ந்து கண்டுபிடித்தார்கள். மூக்குக்கு எட்டுவதற்கு முன்னால் அதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். தண்ணீரில் பென்சீன் மட்டும் கலந்திருந்தால், அனுமதித்த அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் போன பிறகும் நம் மூக்குக்குத் தெரியாது. பங்க் வைக்கிற இடத்துக்கு இத்தனை மீட்டர் தள்ளி வீடு இருக்க வேண்டும் என்று விதி போடுகிறோம். நல்லது. பங்கின் நான்கு மூலையில் நான்கு குழாய் இறக்கி, வருடத்துக்கு இரண்டு முறை குப்பி நிரப்பிப் பார்க்கிற செலவு, ஒரு லாரி லோடு பெட்ரோலின் விலைக்குப் பக்கத்தில் கூட வராது. இதை நான் சொல்லாத நண்பர்கள் கிடையாது.

ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் போக மனம் வரவில்லை. எம்டிபிஇ-யைத் தண்ணீரிலிருந்து பிரிக்கக் கரி வடிகட்டி வைப்போம். நிலக்கரியில் செய்ததை விடத் தேங்காய்த் தொட்டிக் கரி அதை நன்றாகப் பிடிக்கும், துளைகள் அத்தனை நுண்மை. ஒரு நாள் சைட்டில் கரி மூட்டை பிரிக்கும்போது அதன் மேல் இந்தியா என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் காங்கேயம் பக்கம் தொட்டிக் கரி சுடுகிற குழிகள் எத்தனையோ. அந்தப் புகையில்தான் வளர்ந்தேன். கையில் அள்ளிப் பார்த்தேன், ஊர் வாசம் எதுவும் இல்லை. கரி சுட்டு அணைக்கிற தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டுப்போனதென்று எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் போராடிய கதை அப்போது ஞாபகம் வந்தது. யாரோ ஒருவர் ஊர்த் தண்ணீரைச் சுத்தம் செய்ய அந்தக் கரி கடல் தாண்டிப் போயிருக்கிறது.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வேலை செய்த பங்க் இப்போது இல்லை. ரோடு அகலமானபோது இடம் மாறிவிட்டது. டேங்கை எடுத்துவிட்டு, குழியில் கிராவல் கொட்டி மூடியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வேலையைப் பற்றி அப்பாவிடம் முதல் முறையாக விவரமாகச் சொன்னேன். வினாடிக்கு ஒரு சொட்டுக் கணக்கைச் சொன்னபோது கேட்டுக்கொண்டே இருந்தவர், எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஐந்தாறு நோட்டைக் கொண்டுவந்தார். அவர் கைப்பட வைத்திருந்த நகல்.

"ரெண்டாம் நம்பர் டேங்கு கண்ணு. அந்த வருசம் மார்கழியிலயுங்கூட ப்ளஸ்ஸே வல்ல. மொதலாளிகிட்டச் சொன்னேன். உட்ட அளவுக்குள்ளதான இருக்குது, எழுதி மூடுங்கன்னாரு. மூடிட்டேன்."

இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம். அவர் படிக்கப் படிக்க நான் போனில் தட்டினேன், சின்ன வயதில் செய்தது மாதிரியே. 14 மாதம். சூட்டுக்கும் ஆவிக்கும் கழித்துவிட்டு, சராசரியாக நாளுக்கு நான்கு லிட்டர் கணக்கில் வரவில்லை. மொத்தம் 1,700 லிட்டருக்குக் கிட்ட. அதற்கடுத்த வருடம் வேறு வேலைக்காகத் தோண்டியபோது அந்த டேங்கை மாற்றினார்களாம். மண்ணை யாரும் பார்க்கவில்லை.

"அது இன்னுமா அங்க இருக்கும்?"

தெரியாதுங்கப்பா என்றேன். சான்டா மோனிகாவில் மணலும் களியும். ஓட்டம் எந்தப் பக்கம் என்று நான்கு குழாயில் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில் ஓடுகிறது. வெடிப்பு எங்கே திரும்புகிறது என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. இருபதடி தள்ளியிருக்கிற கிணற்றை விட்டுவிட்டு அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் போய் எழலாம். சுற்றிலும் எண்ணூறு ஆயிரம் அடிக்கு போர் போட்டு இழுக்கிறபோது எது எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும்? பழைய பங்குக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அந்த வீட்டில் இன்னமும் சமையல்.

மறுநாள் கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் விசாரித்துக் குப்பிகளும் ஐஸ் பெட்டியும் வாங்கிவந்தேன். தோட்டத்து அய்யாவுக்கு விஷயத்தை அப்பாதான் சொன்னார். "நீங்க இத்தன வருசமா குடிக்கிறீங்க, ஒண்ணும் இருக்காதுங்க, ஆனாலும் பாத்துருவோமுங்க" என்று. அவர் சரியென்று தலையாட்டி, வாளியைத் தானே எடுத்துவந்தார். நான் வாளி வேண்டாமென்று சொல்லி, எடை கட்டிய நீளமான பெய்லர் குழாயைக் காட்டினேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கயிற்றை முழம் முழமாக, அலுங்காமல், டிப் ராடை இறக்கிய அதே நிதானத்தில் இறக்கினார். 71 வயது. கை நடுங்கவில்லை.

மூன்று குப்பி நிரப்பினேன். கவிழ்த்துத் தட்டினேன். இரண்டாவதில் குமிழி ஓடியது. கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்பினேன். அறிக்கை வரப் பத்து நாளாகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய நோட்டில் எழுதாத பக்கம் ஒன்றைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், எந்தக் கிணறு, தண்ணீர் எத்தனை அடியில், குப்பி எத்தனை என்று எழுதினார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பேனாவை நோட்டுக்கு நடுவிலேயே வைத்து மூடினார்.